அதிர்வலைக்கு வயது தெரியாது. பிறகு 300 கோடி ஆண்டுக் கதையை எப்படிச் சொல்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: நில அதிர்வு அலைகள் பூமிக்குள் இன்று இருக்கும் பாறையைத்தான் காட்டும். அந்தப் பாறை எப்போது, எப்படி உண்டானது என்பது அலையில் பதிவாகியிருக்காது. அப்படியிருக்க, கண்டங்களின் மிகப் பழைய மேலோடு உருவான விதத்தை அதிர்வலைகளைக் கொண்டு கண்டறிந்ததாகச் சொல்வது எந்த அளவுக்குச் சரி?

சந்தேகம் நியாயமானதுதான். வயதைச் சொல்வது அலை இல்லை, பழைய பாறைகளில் இருக்கும் ஜிர்கான் என்ற கனிமத்தின் படிகங்கள். அவற்றில் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறிய அளவை வைத்துத்தான் 300 கோடி, 350 கோடி என்று கணக்கிடுகிறார்கள். அலை தருவது வேறு மூன்று விஷயங்கள்: மேலோடு எவ்வளவு தடிமன், அது சராசரியாக எந்த வகைப் பாறை, அதன் அடிப்பகுதி எவ்வளவு கூர்மையாக முடிகிறது. இவற்றை வைத்து மேலோடு இப்படித்தான் பிறந்தது என்று நேரடியாகச் சொல்ல முடியாது. ஆனால் அது உருவான விதம் பற்றி வேதியியல் ஒரு கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி கீழே இருந்தாக வேண்டிய ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முதன்மையான வழி அலைதான். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மொத்தச் சுவாரசியமும் இருக்க வேண்டியது இல்லாமல் போன அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வேதியியல் கணக்கு. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் உருகினால் கிடைப்பது பசால்ட். அதில் சிலிக்கா சுமார் 50 விழுக்காடு. கடலடியில் உள்ள மேலோடு முழுக்க இந்த வகைதான். தடிமன் 7 கி.மீ. அளவே. கண்டங்களின் மேலோடு அப்படியில்லை. சராசரித் தடிமன் ஏறத்தாழ 40 கி.மீ., சிலிக்கா 60 விழுக்காட்டை ஒட்டி. மேன்டிலை ஒரு தடவை உருக்கி இதைப் பெற முடியாது. முதலில் பசால்ட் வர வேண்டும், அதில் நீர் ஏற வேண்டும், பிறகு அது ஆழத்துக்குப் போய் மீண்டும் ஓரளவு மட்டும் உருக வேண்டும். அப்போதுதான் டோனலைட், ட்ரான்ஜமைட், கிரானோடயோரைட் என்ற கிரானைட் குடும்பப் பாறைகள் பிரிந்து மேலே வரும். 400 கோடி முதல் 250 கோடி ஆண்டுகள் வரையிலான ஆர்க்கியன் காலத்து மேலோட்டின் பெரும்பகுதி இந்த மூன்றால் ஆனதுதான்.

கரும்பைப் பிழிந்தால் சாறோடு சக்கையும் வரும் அல்லவா, இங்கும் அதே நிலைதான். பசால்ட் 20 முதல் 30 விழுக்காடு உருகிச் சாறு மேலே போனால், கார்னெட், பைராக்ஸீன் என்ற கனிமங்கள் நிறைந்த கனத்த பாறை கீழே மிஞ்சும். ஒரு பங்கு சாறுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு சக்கை. அதாவது 30 கி.மீ. தடிமனுக்குப் பழைய கிரானைட் வகை மேலோடு இருக்கும் இடத்தில், அதன் அடியில் 60 கி.மீ.க்குக் குறையாமல் இந்தச் சக்கை குவிந்திருக்க வேண்டும். இருக்கிறதா? அதிர்வலையிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

நிலநடுக்கத்தில் முதலில் வந்து சேரும் பி அலையின் வேகம் கிரானைட்டில் விநாடிக்கு 6 முதல் 6.3 கி.மீ., காப்ரோ போன்ற பசால்ட் இனப் பாறைகளில் 7 கி.மீ. அளவு, மேன்டிலில் 8 கி.மீ. மேலோட்டுக்கும் மேன்டிலுக்கும் நடுவே உள்ள இந்த வேகத் தாவலைத்தான் மோஹோ எல்லை என்கிறோம். குரோவேஷியாவில் 1909 அக்டோபர் 8 அன்று நடந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் எதிர்பார்த்ததைவிட ஒரு ஜோடி அலைகள் அதிகமாக வந்திருப்பதைப் பார்த்து, ஆழத்தில் வேகமான அடுக்கு ஒன்று இருந்தாக வேண்டும் என்று அந்த்ரியா மொஹோரொவிசிச் முடிவுக்கு வந்தார். அவர் போட்ட ஆழம் 54 கி.மீ. கணினி இல்லாத காலத்தில், கையில் கிடைத்த நிலையங்களின் பதிவுகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

வேகம் மட்டும் போதாது. சூடான பசால்ட் இனப் பாறையும், கிரானைட்டுக்கும் பசால்ட்டுக்கும் இடைப்பட்ட குளிர்ந்த இடைநிலைப் பாறையும் ஒரே வேகத்தைக் காட்டலாம். அதனால் பி அலை வேகத்தை, அதன் பின்னால் மெதுவாக வரும் எஸ் அலையின் வேகத்தால் வகுத்து வரும் விகிதத்தையும் பார்க்கிறார்கள். இதில் குவார்ட்ஸின் குணம் கைகொடுக்கிறது. பெரும்பாலான கனிமங்களில் இந்த விகிதம் 1.7-க்கு மேல் இருக்க, குவார்ட்ஸில் மட்டும் 1.48. எனவே குவார்ட்ஸ் அதிகமுள்ள கிரானைட்டில் விகிதம் 1.71 அளவுக்கு இறங்கும். குவார்ட்ஸ் இல்லாத காப்ரோவில் 1.85-ஐத் தாண்டும். கண்ட மேலோட்டின் உலகச் சராசரி 1.77. வெப்பநிலை இந்த விகிதத்தை அதிகம் அசைக்காது என்பது கூடுதல் வசதி.

அளப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நம்பகத்தன்மை பற்றிய கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 3,000 கி.மீ.க்கு அப்பால் எங்கோ ஒரு நிலநடுக்கம். அதன் பி அலை கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழிருந்து மேலே வருகிறது. மோஹோவைத் தொடும்போது அதன் ஒரு பகுதி எஸ் அலையாக மாறுகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினாலும் எஸ் மெதுவாக நகர்வதால் பின்தங்கி வரும். நிலையத்தின் கிடைமட்டப் பதிவிலிருந்து செங்குத்துப் பதிவைக் கணித முறையில் நீக்கினால், நிலநடுக்கத்தின் சொந்தக் குழப்பங்கள் போய், அந்த எஸ் துடிப்பு மட்டும் தனியாகத் தெரியும். இதற்கு ரிசீவர் ஃபங்ஷன் என்று பெயர்.

துடிப்பு 4.2 விநாடி தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டின் சராசரி பி வேகம் 6.4, விகிதம் 1.74 என்றால் தடிமன் 35 கி.மீ. என்று வரும். அதே தாமதத்துக்கு விகிதத்தை 1.84 என்று மாற்றிப் போட்டால் தடிமன் 31 கி.மீ.தான். ஒரே எண்ணுக்கு இரண்டு விடை! முதலாவது கிரானைட் பக்கம் சாய்ந்த மேலோடு, இரண்டாவது பசால்ட் பக்கம். இந்த இடத்தோடு நின்றிருந்தால் இந்த முறையால் பெரிய பயன் இல்லை. ஆனால் தரையில் பட்டுக் கீழே திரும்பி, மோஹோவில் மறுபடி மோதி, எஸ் அலையாக மாறி மேலே வரும் இன்னொரு துடிப்பும் பதிவில் உண்டு. முதல் விடை சரியென்றால் அது சுமார் 14.3 விநாடியில் வர வேண்டும். இரண்டாவது சரியென்றால் 13.1 விநாடியில். பதிவைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் லூபெய் ஜூவும் ஹிரூ கனமோரியும் இதைத் தானாகவே நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்களுக்குச் சேர்த்துப் பார்க்கும் முறையாக்கினார்கள். அதன் பிறகு இந்தத் துறையில் வந்த தடிமன் வரைபடங்களில் பல இந்த முறையில் போட்டவைதான்.

இப்போது தென் ஆப்பிரிக்காவின் காப்வால் கிரேட்டான். கிரேட்டான் என்பது நெடுங்காலமாகக் குலையாமல் நிற்கும் பழைய கண்டத் துண்டு. 1997 முதல் 1999 வரை அந்தப் பகுதியின் குறுக்காகச் சுமார் 80 இடங்களில் அதிர்வுமானிகளை நட்டார்கள். கிம்பர்லி அருகே மிக நெருக்கமாக ஒரு கூட்டத்தையும் வைத்தார்கள். கிடைத்த முடிவு யாரும் எதிர்பாராத அளவுக்குத் துல்லியமானது. மேலோடு 35 கி.மீ.யைச் சற்றே தாண்டிய தடிமன். விகிதம் 1.74-ஐ ஒட்டி. மோஹோ மேசைப் பலகை மாதிரித் தட்டை. மேலோட்டிலிருந்து மேன்டிலுக்கு மாறும் இடைவெளி அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அடி மேலோட்டில் விநாடிக்கு 7 கி.மீ. வேகமுள்ள கனத்த அடுக்கு எதுவும் இல்லை. மோஹோ வரை கிரானைட்டும் இடைநிலைப் பாறையும்தான்.

சக்கை இல்லை. 

அதே கிரேட்டானின் வடக்கில் புஷ்வெல்ட் என்ற இடம் இருக்கிறது. சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருமளவு பசால்ட் குழம்பு ஊடுருவிய பகுதி. அங்கே மட்டும் மேலோடு 40 கி.மீ.யைத் தாண்டித் தடித்திருக்கிறது, மோஹோவும் மங்கலாக இருக்கிறது. அதாவது கனத்த பாறை இருந்தால் இந்த முறைக்கு அது தெரிகிறது. கிம்பர்லியில் தெரியாமல் போனதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

சரி, எங்கே போனது? இதற்கு இன்றைய பூமியில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஜப்பானுக்குத் தெற்கே இசு–போனின் தீவு வளைவு ஒன்று. கடலடிப் பாறைத் தட்டு ஒன்று இன்னொரு தட்டின் அடியில் அமிழ்ந்து, புதிதாக மேலோடு உருவாகிக்கொண்டிருக்கும் இடம். 1996-இல் வெளியான ஆய்வில் அதன் நடு மேலோட்டில் 6 முதல் 6.3 கி.மீ. வேகமுள்ள அடுக்கு, அதாவது டோனலைட், இருப்பது தெரிந்தது. அதற்குக் கீழே 7.1 முதல் 7.3 வரை வேகமுள்ள தடித்த அடுக்கு. சாறும் சக்கையும் இன்னும் பிரியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டாவது இடம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். 80 லட்சம் முதல் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலைகள் ஆழத்திலிருந்து கார்னெட் நிறைந்த கனத்த கற்களை மேலே கொண்டுவந்து போட்டன. கடந்த 40 லட்சம் ஆண்டுகளில் வெடித்தவற்றில் அந்தக் கற்களைக் காணோம். மேன்டில் பாறைதான் வருகிறது. 4,000 மீட்டருக்குமேல் நிற்கும் மலைக்கு அடியில் எதிர்பார்க்கும் ஆழமான வேரும் இல்லை. அதிர்வலைப் படத்தில் பக்கத்திலேயே மேன்டிலுக்குள் வேகம் கூடிய ஒரு பெரிய பிண்டம் தெரிகிறது. மேலோட்டிலிருந்து கழன்று விழுந்த சக்கைதான் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமிழ்ந்த பழைய தட்டின் துண்டு என்று வாதிடுபவர்களும் உண்டு.

கழன்று விழக் காரணம் எளிது. கார்னெட் நிறைந்த பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.4 முதல் 3.5 கிராம், கீழே உள்ள மேன்டில் 3.3. கனமானது லேசானதன்மேல் இருந்தால், வெப்பத்தால் பாறை இளகும்போது அமிழ்ந்துவிடும். ஆர்க்கியன் மேன்டில் இன்றையதைவிட நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருந்தது என்பதால் அன்று இது இன்னும் சுலபமாக நடந்திருக்கும். கூர்மையான மோஹோ, லேசான அடி மேலோடு இரண்டுக்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது.

இங்கே கேள்வி கேட்டவரின் சந்தேகத்துக்கு மறுபடி வர வேண்டும். காப்வாலின் தட்டையான மோஹோ மேலோடு பிறந்தபோதே அமைந்ததா? அங்கே பல பாறைகள் 300 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. ஆனால் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வென்டர்ஸ்டார்ப் எரிமலைக் குழம்பு அந்தப் பகுதியை மூடியது. அப்போது அடி மேலோடு முழுக்கச் சூடாகி, இளகி, உருகிய பகுதி மேலேறி, மோஹோவும் அன்றுதான் சமமாகியிருக்கலாம். அப்படியென்றால் நாம் அளப்பது பிறந்த அடையாளத்தை அல்ல, கடைசியாக நடந்த பெரிய மாற்றத்தின் அடையாளத்தை. பல செய்திக் கட்டுரைகள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. “மேலோடு உருவானது இப்படித்தான்” என்ற தலைப்புக்குக் கீழே உண்மையில் இருப்பது “மேலோடு கடைசியாக நிலைபெற்றது இப்படித்தான்” என்ற சேதி.

பிரதிபலிப்பு முறைக்கு இந்தக் குறை ஓரளவு குறைவு. இதில் நிலநடுக்கத்துக்குக் காத்திருப்பதில்லை. கனத்த லாரிகள் தரையை அதிரவைத்து, ஆழத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்கின்றன. எண்ணெய் தேடும் அதே உத்தி. பதிவு நேரத்தை மட்டும் நீட்டிக்கொள்வார்கள். கனடாவின் லித்தோப்ரோப் திட்டத்தில் அபிடிபி, ஒபாட்டிகா பகுதிகளின் எல்லையில் இப்படி எடுத்த படத்தில் ஒரு பிரதிபலிப்புக் கோடு மேலோட்டைத் தாண்டி மேன்டிலுக்குள் சாய்வாக இறங்கி ஏறத்தாழ 65 கி.மீ. ஆழம் வரை போகிறது. 1995-இல் ஆண்ட்ரூ கால்வர்ட்டும் குழுவினரும் இதை, 269 கோடி ஆண்டுகளுக்கு முன் அமிழ்ந்து அப்படியே உறைந்துபோன ஒரு தட்டின் சுவடு என்று விளக்கினார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள பாத்னியா வளைகுடாவில் கப்பலிலிருந்து பேபல் என்ற திட்டத்தில் எடுத்த படங்களில் 190 கோடி ஆண்டுப் பழமையான இதேபோன்ற சாய்கோடு தெரிந்திருந்தது. சாய்ந்த கோடு ஒன்று மேன்டிலுக்குள் இறங்கி நிற்பதற்குத் தட்டு மோதலைத் தவிர வேறு நல்ல காரணம் சொல்வது கடினம். பின்னால் வந்த வெப்பம் அதை அழிக்கலாம், ஆனால் புதிதாக வரைய முடியாது.

அப்படியானால் ஆர்க்கியன் காலம் முழுக்கத் தட்டு அமிழ்ந்துதான் மேலோடு வந்ததா? மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 350 முதல் 320 கோடி ஆண்டுப் பாறைகள். மேலேயிருந்து பார்த்தால் வட்ட வட்டமான கிரானைட் குவிமாடங்கள், அவற்றின் இடுக்குகளில் கீழிறங்கிய பசால்ட். மோதலில் உண்டாகும் நீண்ட மலைவரிசைகளின் சாயல் இல்லை. லேசானது மேலே எழும்ப, கனமானது கீழே இறங்கியிருக்கிறது. அதன் மேலோடும் சுமார் 30 கி.மீ.தான், அடியில் கனத்த அடுக்கும் இல்லை. ஆக, மிகப் பழைய பகுதிகளில் செங்குத்துப் பரிமாற்றம், 270 கோடிக்குப் பிறகு தட்டு மோதல் என்று ஒரு வரிசை கிடைக்கிறது. ரேமண்ட் டர்ஹைமும் வால்டர் மூனியும் 1990-களின் தொடக்கத்தில் உலகளவில் தரவுகளைத் தொகுத்து, ஆர்க்கியன் மேலோடு மெல்லியது, அதற்குப் பிந்தைய புரோட்டெரோசோயிக் மேலோடு தடித்தது, பின்னதன் அடியில்தான் வேகமான அடுக்கு இருக்கிறது என்று காட்டியதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்த வரிசை அழகாக இருப்பதாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் அவநம்பிக்கை. தென்னிந்தியாவின் தார்வார் கிரேட்டான் இதில் அடங்க மறுக்கிறது. கிழக்குத் தார்வாரில் மேலோடு 35 கி.மீ. அளவு, மோஹோ தட்டை, பாடப்புத்தக ஆர்க்கியன். ஆனால் மேற்குத் தார்வாரில்தான் 330 கோடி ஆண்டைத் தாண்டிய பழைய பாறைகள் இருக்கின்றன, அங்கேயோ தடிமன் 40-இல் தொடங்கி 50 கி.மீ. வரை போகிறது. பழையது மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு நேர் எதிர். 1970-களில் ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் காவலியிலிருந்து உடுப்பி வரை குறுக்காக வெடி வைத்து எடுத்த ஆழ்நில அதிர்வுக் கோட்டிலேயே கிழக்கு மேற்கு வேறுபாடு தெரிந்துவிட்டது. 2003-இல் ரிசீவர் ஃபங்ஷன் அதை உறுதிப்படுத்தியது. மேற்குத் தார்வாரில் சக்கை கழன்று விழாமல் தங்கிவிட்டதா, அல்லது பிற்காலத்தில் மேலோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்ததா என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. ஒரு கிரேட்டானை வைத்து எல்லாக் கிரேட்டான்களுக்கும் கதை எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேகத்தைப் பாறையாக மொழிபெயர்ப்பதிலும் ஆபத்து உண்டு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தைத் தொட்ட துளையைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 7 கி.மீ. ஆழத்தில் கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் என்று அதிர்வலைப் படம் சொன்னது. தோண்டிப் பார்த்தால் அந்த ஆழத்துக்குக் கீழே அந்தப் பசால்ட் இல்லை. வெப்பமும் அழுத்தமும் உருமாற்றிய, விரிசல் விட்ட, நீர் புகுந்த பாறைகள்தான் அந்த வேக மாற்றத்துக்குக் காரணம். 7 கி.மீ.யிலேயே இப்படி என்றால் 35 கி.மீ.யில் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேச வேண்டும்! அதனால்தான் எரிமலைகள் மேலே கொண்டுவந்த அடி மேலோட்டுக் கற்களையும், கனடாவின் கபுஸ்காசிங் போலச் சாய்ந்து மேலெழும்பிய ஆழப் பாறைகளையும் ஆய்வகத்தில் அழுத்தி வேகம் அளந்து, அதிர்வலைப் படத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

கடைசியாக, சக்கை பற்றிய வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்னெட் பாறை முழுக்க எக்லோகைட் என்ற இன்னும் கனத்த பாறையாக மாறிவிட்டால் அதன் பி அலை வேகம் 8 கி.மீ.யைத் தொடும். அதாவது மேன்டிலின் வேகம். அப்போது அது மோஹோவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அலைக்கு மேன்டில் மாதிரியே தெரியும். “காணோம்” என்று நாம் சொல்வது “அடையாளம் தெரியவில்லை” என்பதாகவும் இருக்கலாம். இதைத் தீர்க்க வேகத்தை விட்டு எடைக்குப் போக வேண்டும். மேன்டிலைவிட 0.15 அடர்த்தி கூடிய எக்லோகைட் 20 கி.மீ. தடிமனுக்கு ஒட்டியிருந்தால், அந்தச் சுமையில் தரை சுமார் 900 மீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். காப்வால் பீடபூமியோ கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. கிரேட்டானின் ஆழ வேர் இயல்பிலேயே லேசானது என்பதால் இந்தக் கணக்கில் கொஞ்சம் தள்ளுபடி கொடுக்க வேண்டும்தான். வைரங்களை மேலே கொண்டுவரும் கிம்பர்லைட் என்ற பழைய எரிமலைக் குழாய்கள் அந்த வேரிலிருந்து கொண்டுவரும் கற்களிலும் எக்லோகைட் சில விழுக்காடுதான். 60 கி.மீ. சக்கை அங்கே ஒளிந்திருக்க வாய்ப்பே இல்லை. மிஞ்சிப்போனால் துண்டு துணுக்குகள் தங்கியிருக்கும், மீதி மேன்டிலுக்குள் போய்விட்டது என்பதுதான் என் முடிவு.